மூன்று மாடியும் முதல் நடையும்

பெரம்பலூருக்கு ரயில் கிடையாது. ஸ்டேஷன் கிடையாது, தண்டவாளம் கிடையாது, ரயில் கூவும் சத்தம்கூடக் கிடையாது. ஆனால் பெரம்பலூர் ரயில் பயணிகள் நலச் சங்கம் என்று ஒன்று இருந்தது. முறையாகப் பதிவு செய்த சங்கம். தலைவர் உண்டு, பொருளாளர் உண்டு, ஆண்டு விழாவில் வடை பாயசத்தோடு சாப்பாடு உண்டு. அதன் செயலாளர் அன்பழகன்.

அன்பழகனுக்கு ஐம்பதைத் தாண்டிய வயது. விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மையும் அகல் விளக்கும் செய்யும் பட்டறை ஒன்றில் கணக்கர். பெரம்பலூரில் சொந்த வீடு. வீட்டை விற்று வேலை பார்க்கும் ஊருக்குப் போகவும் மனமில்லை, வேலையை விட்டு வீட்டோடு கிடக்கவும் வழியில்லை. அதனால் தினமும் விடிந்ததும் பழைய பஸ் ஸ்டாண்டில் 'ஃபைஸா' பஸ்ஸின் முதல் நடையில் ஏறுவார். அரியலூர் ரயிலடியில் இறங்கி, காலைப் பாசஞ்சரைப் பிடித்து விருத்தாசலம் போவார்.

ஃபைஸா, லப்பைக்குடிக்காடு அப்துல் மஜீதின் பஸ். இருபது வருஷம் சவுதியில் கிடந்து சம்பாதித்ததை ஒரே வண்டியில் போட்டு, அதற்கு மகள் பெயரை வைத்திருந்தார் மஜீது பாய். அந்த முதல் நடையில் ஏறுகிறவர்கள் எல்லாருமே ரயிலுக்குப் போகிறவர்கள். யாருக்கு எந்த சீட் என்பது எழுதாத சட்டம். விருத்தாசலத்து ஆஸ்பத்திரி ஒன்றில் துப்புரவு வேலை பார்க்கும் பச்சையம்மாள் முன் படிக்கட்டை ஒட்டிய சீட்டில் இருப்பாள். பாங்கில் வேலை பார்க்கும் ராஜராஜன் ஜன்னலோரம். யாராவது வரத் தாமதமானால் கண்டக்டர் மதுரைவீரன் விசிலை வாயில் வைத்துக்கொண்டு, ஊதாமல், தெருமுனையைப் பார்த்துக்கொண்டு நிற்பான். சங்கமே அந்த பஸ்ஸுக்குள்தான் பிறந்தது. ராஜராஜன் தலைவரானதும் அதற்குள்தான்.

இப்படி ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த அன்பழகன் ஒரு தீபாவளி போனஸில் ஸ்கூட்டர் வாங்கினார். வாங்கியதை ஓட்ட வேண்டுமே. அரியலூர் வரைக்கும் ஓட்டிக்கொண்டு போய், ஸ்டேஷனுக்கு வெளியே வெட்டவெளியில் மற்ற வண்டிகளோடு நிறுத்தினார். அரியலூர் சாலையில் சுண்ணாம்புக் கல் லாரிகள் ஓயாமல் ஓடும். பகலெல்லாம் அந்தப் புழுதி வண்டிமேல் படிந்தது. சாயங்காலம் ஒரு தூறல் போட்டது. பிறகு வெயில் எட்டிப் பார்த்தது. ரயிலை விட்டு இறங்கி வந்தவர், சீட்டைத் துடைக்காமல் அவசரமாக ஏறி உட்கார்ந்து வீடு வந்து சேர்ந்தார்.

பேன்ட்டைப் பார்த்துவிட்டு அவர் மனைவி ஜெயசித்ரா சொன்னாள்: "ஏங்க, பின் சுவத்துக்குச் சுண்ணாம்பு பூசுங்கன்னு எத்தன வருஷமா சொல்றேன். சுவத்த வுட்டுட்டு பேன்ட்டுக்குப் பூசிட்டு வந்திருக்கீங்களே!"

அன்பழகனுக்குச் சிரிப்பு வரவில்லை. புது வண்டி. அன்று இரவே முதல் மனுவை எழுதினார். அரியலூர் ரயிலடியில் வண்டி நிறுத்த ஒரு தகரக் கொட்டகை வேண்டும், அவ்வளவுதான் மனு.

மனு எழுதுவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. ரயில்வேக்கு எழுதினார், கலெக்டருக்கு எழுதினார், எம்.பி.க்கு எழுதினார், சுண்ணாம்புக் கல் எடுக்கும் சிமெண்ட் கம்பெனி ஒன்றின் சமூக நல நிதிக்கும் எழுதினார். புழுதி அவர்கள் பக்கத்திலிருந்துதானே வருகிறது என்பது அவர் நியாயம். பதில்கள் வந்தன. எல்லாப் பதிலிலும் வணக்கம் இருந்தது, கொட்டகை இல்லை.

கடைசியில் திருச்சியில் ஓர் இன்ஜினீயர் அவரை உட்காரவைத்துப் பொறுமையாக விளக்கினார். "சார், தகரக் கொட்டகைக்குன்னு தனியா ஸ்கீம் எதுவும் இல்ல. அடுக்குமாடி பார்க்கிங்குக்கு இருக்கு. மூணு மாடி கேளுங்க, கெடைக்க வாய்ப்பிருக்கு. கொட்டகை கேட்டா கஷ்டம்."

"மூணு மாடி எதுக்கு சார்? எங்களுக்குத் தலைக்கு மேல ஒரு தகரம் போதும்."

"போதும்னு சொல்றவங்களுக்கு ஸ்கீமே கெடையாது சார்."

அன்பழகன் மூன்று மாடி கேட்டார். கேட்டதும் எல்லாரும் மரியாதையாகப் பேச ஆரம்பித்தார்கள். ஆனால் பணம் மூன்று இடத்திலிருந்து வர வேண்டியிருந்தது. ரயில்வே, எம்.பி.யின் தொகுதி நிதி, சிமெண்ட் கம்பெனி. மற்ற இருவரும் முதலில் சம்மதிக்கட்டும், பிறகு நாங்கள் தருகிறோம் என்றுதான் மூவருமே சொன்னார்கள். கல்யாண வீட்டில் யார் முதலில் பந்தியில் உட்காருவது என்கிற கதை. ஒரு வருஷம் இப்படியே ஓடியது. பிறகு அன்பழகன் துணிந்து ஒரு வேலை செய்தார். எம்.பி. ஆபீஸில் போய், கம்பெனி ஒத்துக்கொண்டது என்றார். கம்பெனியில் போய், ரயில்வே ஒத்துக்கொண்டது என்றார். ரயில்வேயில் போய், அவர்கள் இருவரும் ஒத்துக்கொண்டார்கள், நீங்கள்தான் பாக்கி என்றார். ஒரே மாதத்தில் மூவரும் ஒத்துக்கொண்டார்கள். தான் சொன்னது பொய்யா, கொஞ்சம் முந்திக்கொண்ட உண்மையா என்று அவருக்கே பிறகு சந்தேகம் வந்தது.

ஒரு நிபந்தனை மட்டும் இருந்தது. உண்மையிலேயே அத்தனை வண்டிகள் வருகின்றனவா என்று ஒரு வாரம் நின்று எண்ணிப் பார்ப்பார்கள். கணக்கு குறைந்தால் பணம் இல்லை.

இங்கேதான் சிக்கல். ஸ்டேஷன் வாசலில் நிற்கும் வண்டிகளை அன்பழகன் அறிவார். மூன்று மாடிக்கு அவை காணாது. சங்கத்தின் பெரும்பாலான உறுப்பினர்கள் ஃபைஸாவில் வருகிறவர்கள். வண்டி வீட்டில் சும்மா நிற்கும். இவர்கள் பஸ்ஸில் தூங்கிக்கொண்டு வருவார்கள்.

ஒரு காலை ஸ்கூட்டரை வீட்டில் விட்டு ஃபைஸாவில் ஏறி, ஓடும் பஸ்ஸிலேயே எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு பேசினார்.

"ஒரே ஒரு வாரம். எல்லாரும் அவங்கவங்க வண்டியில வாங்க. வண்டி இல்லாதவங்க மச்சான் வண்டி, மாமா வண்டின்னு எதையாவது வாங்கிட்டு வாங்க. ஒரு வண்டியில ரெண்டு பேரு வராதீங்க. கணக்கு கெட்டுப்போயிடும்."

பச்சையம்மாள் கேட்டாள்: "எனக்கு வண்டியும் இல்ல, ஓட்டவும் தெரியாதுங்களே. யாரு பின்னாலயாச்சும் உக்காந்து வரட்டுங்களா?"

"பின்னால உக்காந்தா கணக்குல வராது பச்சையம்மா. நீ பஸ்ஸுலயே வா."

அந்த வாரம் ஃபைஸாவின் முதல் நடையில் பச்சையம்மாளும், கல்லூரிக்குப் போகும் இரண்டு மூன்று பெண்களும், கண்பார்வை மங்கிய ஒரு தபால்காரரும் மட்டும் போனார்கள். "என்னக்கா, ஊரே வேலய வுட்டுடுச்சா?" என்று மதுரைவீரன் கேட்டான். அரியலூர் ஸ்டேஷன் வாசலிலோ வண்டிகள் புளியமரத்தைத் தாண்டி ரோடு வரை நின்றன. எண்ண வந்த பையன்கள் எண்ண முடியாமல் திணறினார்கள். பணம் உறுதியானது.

ஒரு வாரம் முடிந்தது. பஸ்ஸுக்குத் திரும்பியவர்கள் கொஞ்சம் பேர்தான். வண்டியில் வந்தால் அரை மணி கூடத் தூங்கலாம், வரும் வழியில் காய்கறி வாங்கலாம், யாருக்காகவும் காத்திருக்க வேண்டாம் என்று மற்றவர்கள் கண்டுகொண்டார்கள். வண்டி இல்லாதவர்கள் தவணையில் வாங்கினார்கள். ராஜராஜன் புது புல்லட்டே வாங்கிவிட்டார். மூன்று மாடி வரப்போகிறது, நிழலுக்கென்ன பஞ்சம்?

கட்டடம் எழும்பிக்கொண்டிருந்த காலத்தில் ஒருநாள் மஜீது பாய் அன்பழகனைத் தேடி வீட்டுக்கே வந்தார். ஜெயசித்ரா கொடுத்த டீயைக் குடித்துவிட்டு மெதுவாகக் கேட்டார்.

"செயலாளர் சார், ஒங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். முதல் நடையில டீசல் காசுகூட வர மாட்டேங்குது. போன ஆளுங்க திரும்பி வருவாங்களா? ஆலத்தியூர்ல சிமெண்ட் ஆலை ஷிப்ட்டுக்கு ஆளேத்த வண்டி கேக்குறாங்க. அந்த நேரத்துக்குக் குடுத்துடலாமான்னு யோசிக்கிறேன். நீங்க சொன்னா சரியா இருக்கும்."

அன்பழகனுக்கு அன்று மனசு நிறைந்திருந்தது. முதல் மாடிக்குக் கான்கிரீட் போட்ட நாள் அது. "பாய், காலம் மாறிப்போச்சு. மூணு மாடி கட்டுறாங்க. இனிமே பஸ்ஸுக்கு எவன் வருவான்? தாராளமா ஆலத்தியூருக்குக் குடுங்க" என்றார்.

"அல்லா நாடுனது அதுதான்னா சரி" என்று பாய் எழுந்துகொண்டார். அடுத்த மாதம் முதல் நடை நின்றது. யாரும் மனு எழுதவில்லை. எழுத வேண்டியவர் திறப்பு விழா அழைப்பிதழில் யார் பெயர் மேலே, யார் பெயர் கீழே என்று ஓடிக்கொண்டிருந்தார்.

கட்டி முடிக்க எல்லாரும் சொன்னதைவிட இரண்டு மடங்கு காலம் ஆனது. ஆனாலும் முடிந்தது. மூன்று மாடி, சுற்றிச் சுற்றி ஏறும் சாய்தளம், மஞ்சள் கோடுகள், மாடிக்கு மாடி விளக்கு. அரியலூர் ஸ்டேஷனே அதன் பக்கத்தில் வாட்ச்மேன் வீடு போலத் தெரிந்தது. வாசலில் பளிங்குக் கல் பதித்தார்கள். அதில் பணம் தந்த மூவரின் பெயர்களும் இருந்தன, தராத பலரின் பெயர்களும் இருந்தன. அன்பழகன் பெயர் மட்டும் இல்லை. கல்லில் இடம் போதவில்லையாம். அவர் மனம் நோகக் கூடாதே என்று ராஜராஜன் பேசி ஒரு ஏற்பாடு செய்தார்: ரிப்பன் வெட்டியதும் முதல் வண்டியை உள்ளே ஓட்டிப் போகும் பெருமை செயலாளருக்கு.

அன்பழகன் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டையில் ஸ்கூட்டரில் உட்கார்ந்தார். ஹேண்டில்பாரில் சாமந்தி மாலை. மேளம் கொட்டியது. முதல் மாடி வரை அழகாக ஏறினார். கீழே கைதட்டினார்கள். கைதட்டல் கேட்டதும், கூட்டத்தைப் பார்த்து ஒரு கையை ஆட்டலாம் என்று அவருக்குத் தோன்றியது. புதுத் தரையை அன்று காலையில்தான் கழுவிவிட்டிருந்தார்கள். திருப்பத்தில் வண்டி ஒரு பக்கம் போனது, அவர் ஒரு பக்கம் போனார், வேட்டி இன்னொரு பக்கம் போனது. அந்தக் கட்டடத்துக்குள் முதலில் போன வண்டி அவருடையது. அங்கிருந்து முதலில் வெளியே வந்தது அவரை ஏற்றிய ஆம்புலன்ஸ்.

முட்டிச் சில்லு இரண்டாகப் போயிருந்தது. திருச்சியில் ஆபரேஷன் செய்து கம்பி வைத்தார்கள். கால் மடங்கும், ஆனால் முழுக்க மடங்காது. இனிமேல் டூவீலர் ஓட்டுவதை மறந்துவிட வேண்டும் என்றார் டாக்டர்.

நான்கைந்து மாதம் வீட்டில் கிடந்தார். பட்டறை முதலாளி நல்லவர், பொறுத்துப் பார்த்தார். கார்த்திகை சீசன் நெருங்கியதும் போன் செய்தார். "அன்பழகன், வர முடியுமா முடியாதான்னு மட்டும் சொல்லிடுங்க."

"திங்கக்கிழம வந்துடறேன் சார்" என்று போனை வைத்தார்.

"எதுல போவீங்க?" என்று ஜெயசித்ரா கேட்டாள்.

"ஃபைஸாவுலதான். எதுல போவாங்க?"

ஜெயசித்ரா இடுப்பில் கையை வைத்துக்கொண்டாள். "முதல் நடை நின்னு எத்தன காலமாச்சு! இதே கூடத்துல ஒக்காந்து பாய்கிட்ட நிறுத்தச் சொன்னது நீங்கதானே? நான்தானே டீ குடுத்தேன்?"

அன்பழகனுக்கு அப்போதுதான் உறைத்தது. பாய்க்கு ஏதோ யோசனை சொன்னோம் என்பது ஞாபகம் இருந்தது. அது தன் காலில் வந்து விழும் என்பதை நினைத்துப் பார்த்ததில்லை. மற்ற பஸ்கள் உண்டுதான். அவை ரயில் போன பிறகு வரும், இல்லையென்றால் ரயிலடியை எட்டிக்கூடப் பார்க்காமல் பஸ் ஸ்டாண்டோடு நின்றுவிடும்.

முதல் வாரம் ராஜராஜன் புல்லட்டில் ஏற்றிக்கொண்டார். அன்பழகனின் மடங்காத கால் வெளியே துருத்திக்கொண்டு நின்றது. எதிரே கல் லாரி வரும்போதெல்லாம் இரண்டு பேருக்கும் உயிர் போய் வந்தது. வாரக் கடைசியில் ராஜராஜன் தலையைச் சொறிந்தார். "அண்ணே, நாளைலேர்ந்து பாப்பாவ டியூசன்ல வுட்டுட்டு வேற வழியா வர்றேன். தப்பா எடுத்துக்காதீங்க." தப்பாக எடுத்துக்கொள்ள அன்பழகனிடம் ஒன்றுமில்லை. பின்னால் உட்கார்ந்து வருகிறவன் கணக்கில் வரமாட்டான் என்று சொன்னவர் அவரேதான். ஆட்டோவில் போய்ப் பார்த்தார். சம்பளத்தில் பாதி ஆட்டோவுக்குப் போகும் என்று தெரிந்ததும், கம்பை ஊன்றிக்கொண்டு மஜீது பாயைப் பார்க்க லப்பைக்குடிக்காடு போனார்.

பாய் கோபப்படவில்லை. அதுதான் அன்பழகனுக்குக் கஷ்டமாக இருந்தது. கட்டிலில் உட்காரவைத்து, காலுக்குத் தலையணை வைத்து, பேரீச்சம்பழம் கொடுத்தார்.

"நசீபு சார், தலையில எழுதுனது. நீங்க நல்லதுன்னு நெனச்சுத்தான் சொன்னீங்க. எனக்கும் ஆலத்தியூர்க் காசு நல்லாத்தான் வருது. ஆனா ஒண்ணு, அந்த ஒப்பந்தம் இந்த மாசத்தோட முடியுது. ஆளு இருக்குன்னு காட்டுங்க, இன்ஷா அல்லா ஓட்டிப் பாக்குறேன். காலி வண்டிய மட்டும் ஓட்டச் சொல்லாதீங்க. எம் மவ பேரு போட்ட வண்டி காலியாப் போறதப் பாக்க முடியல சார்."

ஆள் யார் இருக்கிறார்கள் என்று யோசித்துக்கொண்டே திரும்பும்போதுதான் அவருக்கு பச்சையம்மாள் ஞாபகம் வந்தது. முதல் நடை நின்ற பிறகு அவள் எப்படி வேலைக்குப் போனாள்? ஒரு நாள்கூட அவர் அதைக் கேட்டதில்லை. விசாரித்தார். செட்டிகுளம் பக்கம் வெங்காயக் காட்டில் இருப்பாள் என்றார்கள்.

பஸ் பிடித்துப் போய், வரப்பில் தடுமாறித் தடுமாறி நடந்தார். பெண்கள் வரிசையாக உட்கார்ந்து சின்ன வெங்காயத்துக்குத் தாள் அறுத்துக்கொண்டிருந்தார்கள். பச்சையம்மாள் தலைத்துண்டை அவிழ்த்துக்கொண்டு எழுந்து வந்தாள்.

"வாங்க சாரு. காலு எப்பிடி இருக்கு? வுழுந்தீங்கன்னு கேள்விப்பட்டேன். வண்டிக்கெல்லாம் மூணு மாடி வூடு கட்டிக் குடுத்தீங்களாமே, எம் மருமவப்புள்ள போயிப் பாத்துட்டு வந்து சொன்னான். எங்க வூட்ட வுட நல்லா இருக்காம்."

அவள் கிண்டலாகச் சொன்னாளா, நிஜமாகவே சொன்னாளா என்று அவருக்குத் தெரியவில்லை.

"ஆஸ்பத்திரி வேலய ஏன் வுட்ட பச்சையம்மா?"

"நான் எங்க வுட்டேன்? பஸ்ஸு வுட்டுச்சு. கொஞ்ச நாளு லாரில ஏறிப் போனேன். அது சரிப்படல. ரெண்டு நாளு ரயில வுட்டேன், மூணாம் நாளு வேற ஆளப் போட்டுட்டாங்க. பி.எப். புடிச்சாங்க, மாசமானா சம்பளம் வந்துச்சு. இங்க வெங்காயம் இருந்தாத்தான் கூலி." கையை முகர்ந்து பார்த்துவிட்டுச் சிரித்தாள். "கண்ணுல தண்ணி வந்தா வெங்காயம்னு சொல்லிக்கலாம், அது ஒரு சௌரியம்."

அன்பழகன் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார். கால் நீட்டித்தான் உட்கார முடிந்தது. பாயிடம் தான் சொன்ன யோசனையை அவளிடம் சொன்னார், மறைக்காமல்.

"தெரியும் சாரு. மதுரைவீரன் சொன்னான். அப்ப வந்து நாலு வார்த்த கேட்டுடணும்னு இருந்துச்சு. அதுக்குள்ள நீங்க வுழுந்துட்டீங்க. வுழுந்த மனுசன்கிட்ட என்னத்தக் கேக்குறது?"

"பாய் திரும்ப ஓட்டுறேங்குறாரு. ஆளு நிக்கணும். வருவியா?"

"ஆளு நின்னாத்தான் பஸ்ஸு வரும்பாரு. பஸ்ஸு வந்தாத்தான் ஆளு நிக்கும். ரெண்டு பக்கமும் பாத்துக்கிட்டே நிக்க வேண்டியதுதான்." துண்டை உதறித் தலையில் கட்டினாள். "வேல ஒண்ணு சொல்லி வைங்க, நிக்கிறேன். சும்மா நிக்கிறதுக்கு எனக்கு நேரமில்ல."

அது நியாயமாகப் பட்டது. பட்டறையில் கார்த்திகைக்கு அகல் விளக்கை வைக்கோல் சுற்றிப் பெட்டியில் அடுக்க ஆள் தேவைப்பட்டது. முதலாளியிடம் பேசி அவளுக்கும், அவளைப் போலவே வேலையை விட்டிருந்த இன்னொருத்திக்கும் சொல்லிவைத்தார்.

அடுத்த ஞாயிறு சங்கத்தின் ஆண்டு விழாக் கூட்டம். முதல் நடையை மீட்க உறுப்பினர்கள் வாரம் இரண்டு நாளாவது பஸ்ஸில் வர வேண்டும் என்று அன்பழகன் தீர்மானம் கொண்டுவந்தார். பிறகு ராஜராஜன் எழுந்தார்.

"அண்ணே, ஒங்க கஷ்டம் புரியுது. ஆனா பார்க்கிங் ஃபுல்லாயிடுச்சுண்ணே. லேட்டா வர்றவங்களுக்கு எடமில்ல. நாலாவது மாடி கேக்கணும்னு எல்லாரும் சொல்றாங்க. இந்த நேரத்துல பஸ்ஸுல போவோம்னு தீர்மானம் போட்டா, அப்புறம் மாடி எதுக்குன்னு கேக்க மாட்டாங்களா?"

பஸ் தீர்மானத்துக்கு ஒரு கை உயர்ந்தது. அது அன்பழகனுடைய கை. நாலாவது மாடித் தீர்மானம் கரகோஷத்தோடு நிறைவேறியது. செயலாளர் மனு எழுத வேண்டும் என்றும் முடிவானது.

"நான் எழுதல ராஜராஜன்" என்றார் அன்பழகன்.

"ஒங்கள வுட்டா யாருண்ணே எழுதுவா?"

"அதான் நல்லது" என்று சொல்லி, செயலாளர் பதவியையும் விட்டுவிட்டு, கம்பை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். பாயசம் கூடச் சாப்பிடவில்லை. வீட்டுக்கு வந்து ஜெயசித்ராவிடம் சொன்னபோது, "பாயசத்தச் சாப்ட்டுட்டு ராஜினாமா பண்ணியிருக்கலாம்ல?" என்று மட்டும் கேட்டாள். ஆனால் அன்று அவளே சேமியா வாங்கி வந்து பாயசம் வைத்தாள்.

மாதம் பிறந்தது. மஜீது பாய் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். பழைய பஸ் ஸ்டாண்டில் அன்பழகன், பச்சையம்மாள், அவள் கூட்டாளி, கல்லூரிப் பெண்கள் இரண்டு பேர். அவ்வளவுதான் ஆள். ஃபைஸா வந்து நின்றது. மதுரைவீரன் இறங்கி எண்ணிப் பார்த்தான், பிறகு பின்பக்கமும் போய்ப் பார்த்தான், வேறு யாராவது ஒளிந்திருக்கிறார்களா என்பதுபோல.

"இவ்ளோதானா சார்?"

"இவ்ளோதான்."

டிரைவர் சீட்டுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த பாய் காலி சீட்டுகளைத் திரும்பிப் பார்த்தார். தாடியைத் தடவிக்கொண்டார். பத்து நாள் இப்படியே போனது. ஒவ்வொரு நாளும் இறங்கும்போது அன்பழகன் பாயின் முகத்தைப் பார்க்காமல் இறங்கினார். நாளைக்கு நிறுத்திவிடுவார், நாளைக்கு நிறுத்திவிடுவார் என்று தோன்றிக்கொண்டே இருந்தது.

பஸ்ஸைக் காப்பாற்றியது, யாரும் எதிர்பார்க்காதபடி, அந்த மூன்று மாடிதான். முன்பு வண்டியை எங்கே வேண்டுமானாலும் சாத்திவிட்டு ரயிலுக்கு ஓடினார்கள். இப்போது வெளியே நிறுத்தினால் அபராதம். உள்ளே நிறுத்தலாமென்றால் சுற்றிச் சுற்றி ஏறி, ஒவ்வொரு மாடியாக இடம் தேடி, கிடைக்காமல் திரும்ப இறங்கும்போது கீழே காலைப் பாசஞ்சர் கூவிக்கொண்டு கிளம்பும். மேல் மாடியில் வண்டியோடு நின்று, தங்கள் ரயில் போவதைத் தெளிவாகப் பார்க்கலாம். காட்சிக்கு அதைவிட நல்ல இடம் அரியலூரில் கிடையாது. இரண்டு முறை அப்படிப் பார்த்தவர்கள் மூன்றாம் நாள் பழைய பஸ் ஸ்டாண்டுக்கு வந்தார்கள். முதலில் கொஞ்சம் வெட்கப்பட்டு வந்தார்கள். பஞ்சர், சர்வீசுக்கு விட்டிருக்கிறேன் என்று காரணம் சொன்னார்கள். பிறகு காரணம் சொல்வதை நிறுத்திவிட்டார்கள்.

ஒரு நாள் ராஜராஜனே வந்தார். அன்பழகனைப் பார்த்ததும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கொஞ்ச தூரம் போன பிறகு, "நாலாவது மாடி வந்துட்டா இந்தத் தொல்லை இருக்காதுண்ணே" என்றார். அதற்கும் பணம் மூன்று இடத்திலிருந்து வர வேண்டியிருக்கிறது என்றும், மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்றும் சொன்னார்.

"வரும், வரும்" என்றார் அன்பழகன். எப்படி வரவைப்பது என்று அவருக்குத் தெரியும். சொல்லவில்லை.

கார்த்திகைக்கு முந்தின வாரம், நல்ல மழை. வண்டியில் போகிறவர்கள் எல்லாரும் பஸ்ஸுக்கு வந்துவிட்டார்கள். அன்பழகன் நொண்டி நொண்டிப் படியேறும்போது ஒரு சீட்டும் காலியில்லை. மதுரைவீரன் படிக்கட்டில் தொங்கிக்கொண்டு, "உள்ள போங்க, உள்ள போங்க" என்று கத்தினான். பாய் முன்னால் உட்கார்ந்து கண்ணாடியில் பின்பக்கக் கூட்டத்தைப் பார்த்துக்கொண்டே, "அல்ஹம்துலில்லா" என்று முணுமுணுத்தார்.

தன் இடத்தில் உட்கார்ந்திருந்த பச்சையம்மாள் எழப் பார்த்தாள். "ஒக்காருங்க சாரு, காலு தாங்காது."

"ஒக்காந்தா காலு மடங்காது, வழியில நீட்டிக்கிட்டு இருக்கும். ஏறுறவங்களுக்கு எடஞ்சல். நான் நிக்கிறேன், நீ ஒக்காரு."

கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பேரளி தாண்டி ஒரு பள்ளத்தில் பஸ் விழுந்து எழுந்தது. கம்பி வைத்த முட்டி சுளீரென்றது.

"வலிக்குதுங்களா?" என்று பச்சையம்மாள் கேட்டாள்.

"நல்லா வலிக்குது" என்றார் அன்பழகன். இன்னும் இரண்டு பேர் ஏறினார்கள். அவர் இடம்விட்டு ஒதுங்கி, நல்ல காலின் மேல் சாய்ந்து நின்றுகொண்டார்.